மலை மேலேயே தங்குங்கள்: இத்தாலியின் பழைய மலையூர்களுக்கு முதல் கோடைப் பயணம்

ரோமிலிருந்து ஃபிளாரன்ஸுக்கு விரைவு ரயிலில் போகாமல், ஊர் ஊராக நின்று போகும் மெதுவான ரயிலில் ஏறுங்கள். வழி நெடுக ஒரே காட்சி மாறி மாறி வந்துகொண்டிருக்கும். கீழே கோதுமை வயல், ஒலிவத் தோப்பு, திராட்சைத் தோட்டம். நடுவில் ஒரு குன்று. அந்தக் குன்றின் தலையில் மதில், மணிக்கூண்டு, சிவந்த ஓட்டுக் கூரைகள் என்று ஒரு முழு ஊர். உம்பிரியா, டஸ்கனி ஆகிய இரண்டு மாகாணங்களிலும் இப்படிப்பட்ட ஊர்கள் ஏராளம்.

முதல் முறை போகிறவர்களில் பலர் ஃபிளாரன்ஸில் அறை எடுத்துக்கொண்டு, சுற்றுலா பஸ்ஸில் ஒரே நாளில் மூன்று ஊர்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். ஊருக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தார்கள். அதில் பாதி, பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஏறி இறங்கவே போய்விட்டது. பார்த்த இடமெல்லாம் என்னைப் போலவே அவசரமாக நடக்கிறவர்கள். அடுத்த முறை ஒர்வியெத்தோ என்ற ஊரில் மூன்று இரவுகள் தங்கினேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பஸ்கள் எல்லாம் கிளம்பிப் போயின. பிள்ளைகள் பந்தோடு தேவாலயச் சதுக்கத்துக்கு வந்தார்கள். வயதானவர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரர்களோடு பேச ஆரம்பித்தார்கள். பகல் முழுக்க நான் பார்த்தது கடைத்தெருவை மட்டும்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு ஏற்பாட்டைச் சுற்றித்தான் வரும்: ஊருக்குள், மதிலுக்கு உள்ளேயே, இரவு தங்குவது. எந்த மாதம், எந்த ஊர், எவ்வளவு பெரிய பை, எந்த பஸ் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அதிலிருந்துதான் கிடைக்கும்.

முதலில், எந்த மாதம்

மே மாத நடுவிலிருந்து ஜூன் நடு வரை மிக நல்ல காலம். தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறையோடு இதன் முன்பாதி சரியாகப் பொருந்தும். மே மாதத்தில் வயல்கள் பச்சையாக இருக்கும், ஓரங்களில் சிவப்பு பாப்பிப் பூக்கள் பூத்திருக்கும். ஜூன் முடிவில் கோதுமை பொன்னிறமாகிவிடும், அறுவடை தொடங்கும். சூரியகாந்தி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ போக வேண்டும். ஆகஸ்டில் வயல் எல்லாம் உழுத மண்ணும் காய்ந்த தாளுமாக இருக்கும். படங்களில் பார்த்த பச்சைக் குன்றுகளைத் தேடி ஆகஸ்டில் போனால் ஏமாற்றம்தான்.

லண்டனிலும் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் இருக்கும் நம்மவர்களுக்கு நீண்ட பள்ளி விடுமுறை கோடையின் பின்பாதியில்தான் கிடைக்கும். அந்த மாதங்களில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. நம் ஊர் வெயில் பழகியவர்கள்தானே என்று நினைக்க வேண்டாம். கல் பாவிய தெருவில், நிழலே இல்லாத ஏற்றத்தில், மத்தியானம் நடப்பது வேறு. அறையில் ஏசி இருக்கிறதா என்று முன்பதிவுக்கு முன்பே பாருங்கள். பழைய வீடுகள் பலவற்றில் இருக்காது. ஆகஸ்ட் 15 இத்தாலி முழுவதும் பெரிய விடுமுறை நாள். அந்த வாரம் கடைகள் மூடியிருக்கும், பஸ்கள் குறையும். அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

விசா

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்கள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். மே மாதப் பயணத்துக்கு ஜனவரியிலேயே நேரம் வாங்கிவிடுவது நல்லது, ஏனென்றால் கோடைக்கு எல்லோரும் ஒரே சமயத்தில்தான் வருவார்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு 45. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். நாடு திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதங்கள் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். ஷெங்கன் நாடு ஒன்றின் வசிப்பிட அட்டை வைத்திருப்பவர்களுக்குத் தனி விசா தேவையில்லை. பிரிட்டனில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருப்பவர்களுக்கு வேண்டும்.

ஊர்களைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். பட்டியலில் பத்து ஊர்களை எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் அரை நாள் ஒதுக்குகிறார்கள். பத்து நாள் பயணத்துக்கு மூன்று ஊர்களில் தங்கினால் போதும். மற்றவற்றை அங்கிருந்து போய்ப் பார்க்கலாம். காரே இல்லாமல், ரயிலும் பஸ்ஸும் மட்டுமே நம்பி, முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இது:

ஒர்வியெத்தோவில் மூன்று இரவு, மோந்தேபுல்ச்சானோவில் இரண்டு இரவு, சியேனாவில் நான்கு இரவு.

இந்த மூன்றும் ரோமிலிருந்து வடக்கே போகப் போக, ஒன்றன்பின் ஒன்றாக வரும். மூன்றும் மூன்று விதம். ஒர்வியெத்தோ எரிமலைப் பாறை மேல் அமர்ந்திருக்கிறது. மோந்தேபுல்ச்சானோ கிட்டத்தட்ட 600 மீட்டர் உயரத்தில் ஒரு குறுகிய முகட்டில் நீண்டு கிடக்கிறது. சியேனா ஒரு காலத்தில் ஃபிளாரன்ஸோடு போட்டி போட்ட குடியரசின் தலைநகர். புனித பிரான்சிஸின் ஊரான அசிசியை விட மனம் வராதவர்கள், மோந்தேபுல்ச்சானோவுக்குப் பதிலாக அங்கே இரண்டு இரவு தங்கலாம். நடுவே ரயில் மாற வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு பேர் மலை மேல் போய்க் குடியேறினார்கள் என்று போகும் முன்பே தெரிந்துகொண்டால், பார்க்கிற ஒவ்வொன்றும் அர்த்தத்தோடு தெரியும். ரோமானியர்களுக்கும் முன்பே எட்ருஸ்கன்கள் இந்தக் குன்றுகளில் ஊர் கட்டியிருந்தார்கள். எதிரி வருவது தூரத்திலேயே தெரியும் என்பது ஒரு காரணம். இன்னொன்று கொசு. பள்ளத்தாக்குகளில் பல இடங்கள் சதுப்பு நிலமாக இருந்தன. மலேரியா என்ற சொல்லே ‘கெட்ட காற்று’ என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்ததுதான். உயரத்தில் பாதுகாப்பு கிடைத்தது, நல்ல காற்று கிடைத்தது, தண்ணீர்தான் கிடைக்கவில்லை. அதனால் ஒவ்வொரு மலையூரிலும் தண்ணீரை எப்படிக் கொண்டுவந்தார்கள், எங்கே சேமித்தார்கள் என்று தேடிப் பாருங்கள். அந்த ஊரின் முழுக் கதையும் அதில் கிடைக்கும்.

அறை எடுக்கும்போது

முன்பதிவுத் தளங்களில் ஊர்ப் பெயரைப் போட்டால் மலை அடிவாரத்தில், ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கும் ஹோட்டல்களும் வரும். விலை குறைவாக இருக்கும். வேண்டாம். ‘சென்த்ரோ ஸ்தோரிகோ’ என்றால் பழைய ஊர். அந்தச் சொல் முகவரியில் அல்லது விவரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், வரைபடத்தில் மதிலுக்கு உள்ளே இருக்கிறதா என்றும் சரிபாருங்கள்.

அப்புறம் இரண்டு கேள்விகளை எழுதிக் கேளுங்கள். எத்தனையாவது மாடி? லிஃப்ட் உண்டா? 700 வருடப் பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடி என்பது எழுபது எண்பது படிகளாக இருக்கலாம். அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் இதை விடவே கூடாது. தங்கும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் இரவுக்கு இவ்வளவு என்று ஊர் வரி ஒன்று தனியாக வாங்குவார்கள். அது மோசடி இல்லை. பல இடங்களில் ரொக்கமாகவே கேட்பார்கள், சில்லறை வைத்திருங்கள். பாஸ்போர்ட்டையும் பதிவுக்குக் கேட்பார்கள், அது சட்டம்.

பை

ஒருவருக்கு ஒரு சிறிய பெட்டி. விமானத்துக்குள் கையோடு கொண்டுபோகும் அளவே போதும். பெரிய சக்கரப் பெட்டியைக் கல் தெருவில், பத்தில் ஒரு பங்கு சரிவில் இழுத்துப் பார்த்தவர்கள் இதை இன்னொரு தடவை சொல்லத் தேவையில்லை. தோளில் மாட்டும் பையாக இருந்தால் இன்னும் நல்லது. பழகிய, அடிப்பாகம் வழுக்காத காலணி வேண்டும். வழவழப்பான கற்கள் மழை பெய்தால் எண்ணெய் பூசியதுபோல் ஆகிவிடும். தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதால் ஒரு மெல்லிய துப்பட்டாவோ சால்வையோ எப்போதும் பையில் இருக்கட்டும்.

வீட்டிலிருந்து இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம். நெய்யையும் மற்ற பால் பொருட்களையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவரத் தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். புதிய இலைகளுக்குச் சான்றிதழ் கேட்பார்கள்.

இறங்கியதும் நேராக ஒர்வியெத்தோ

ரோம் விமான நிலையத்தில் இறங்கியதும் எல்லோரும் டெர்மினி என்ற பெரிய நிலையத்துக்குப் போகும் விரைவு ரயிலைத் தேடுவார்கள். நீங்கள் டெர்மினி போக வேண்டியதில்லை. திபுர்த்தினா நிலையத்துக்குப் போகும் சாதாரண ரயிலில் ஏறுங்கள், விலையும் குறைவு. திபுர்த்தினாவில் மாறி, ஃபிளாரன்ஸ் பக்கம் போகும் ‘ரெஜனாலே’ என்ற மெதுவான ரயிலைப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், ஒர்வியெத்தோ வந்துவிடும்.

ரெஜனாலே ரயில் டிக்கெட்டுக்கு முன்கூட்டியே வாங்கினால் மலிவு என்பதெல்லாம் கிடையாது. எப்போது வாங்கினாலும் ஒரே விலை. ஆனால் ஒன்றை மறக்கவே கூடாது. காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சிறு இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். கைப்பேசியில் வாங்கினால், ஏறும் முன் செயலியில் ‘செக்-இன்’ அழுத்த வேண்டும். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டாக இருந்தாலும் இதைச் செய்யாவிட்டால் அபராதம் உண்டு.

ஒர்வியெத்தோ நிலையம் அடிவாரத்தில் இருக்கிறது. வெளியே வந்தால் எதிரிலேயே மலை இழுவை ரயில். பழனியில் விஞ்சில் ஏறியவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். 1888-ல் தண்ணீரின் எடையை வைத்து இயங்கும்படி இதைக் கட்டினார்கள். இப்போது மின்சாரத்தில் ஓடுகிறது. சில நிமிடங்களில் மேலே போய்விடலாம்.

மேல் நிலையத்தின் பக்கத்திலேயே புனித பேட்ரிக் கிணறு இருக்கிறது. அறையில் பையைப் போட்டுவிட்டு முதலில் இங்கே வாருங்கள். 1527-ல் ரோம் நகரம் சூறையாடப்பட்டபோது போப் ஏழாம் கிளெமென்ட் தப்பித்து இந்த ஊருக்கு வந்தார். முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது என்ற பயத்தில் பாறையைக் குடைந்து கிணறு வெட்டச் சொன்னார். ஆழம் ஏறக்குறைய 53 மீட்டர். இதன் அழகு படிகளில்தான். ஒன்றை ஒன்று தொடாமல் பின்னிச் சுழலும் இரண்டு படிக்கட்டுகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். தண்ணீர் சுமக்கும் கோவேறு கழுதைகள் ஒன்றில் இறங்கி, இன்னொன்றில் ஏறி வெளியே வந்துவிடும். எதிரெதிரே முட்டிக்கொள்ளவே வேண்டாம். படிகள் தாழ்வாகவும் அகலமாகவும் இருப்பதற்குக் காரணம் கழுதைகள்தான். மே மாதத்தில்கூட அடியில் குளிரும், பிள்ளைகளுக்கு ஒரு மேல்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

தேவாலயத்துக்குச் சாயங்காலம் போங்கள். 1290-ல் கட்டத் தொடங்கிய இதன் முகப்பு மேற்குப் பார்த்தது. சூரியன் சாயும் நேரத்தில் முகப்பில் பதித்த பொன்னிற மொசைக் முழுவதும் பற்றிக்கொண்டதுபோல் ஒளிரும். எதிரே இருக்கும் கல் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்க்கத்தான் இங்கே தங்கச் சொல்கிறேன். உள்ளே லூக்கா சிஞொரெல்லி 1499 முதல் 1504 வரை தீட்டிய கடைசித் தீர்ப்பு ஓவியங்களுக்கு மறுநாள் காலை, கூட்டம் வருவதற்கு முன், ஒரு மணி நேரம் கொடுங்கள்.

ஊருக்கு அடியில் இன்னொரு ஊர் உண்டு. மென்மையான எரிமலைப் பாறை என்பதால் எட்ருஸ்கன் காலத்திலிருந்தே குடைந்திருக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குகைகள். கிணறு, எண்ணெய்ச் செக்கு, புறா வளர்த்த மாடங்கள் எல்லாவற்றையும் வழிகாட்டியோடு போய்ப் பார்க்கலாம்.

மூன்று நாளில் ஒரு நாள், சிவிதா தி பாஞோரேஜோவுக்கு பஸ்ஸில் போய் வாருங்கள். களிமண் மேல் உட்கார்ந்திருக்கும் பாறை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, ஊர் தேய்ந்துகொண்டே வருகிறது. 1695-ல் வந்த நிலநடுக்கத்துக்குப் பின் மக்கள் பெரும்பாலும் வெளியேறினார்கள். இன்று நிரந்தரமாக இருப்பவர்கள் ஒரு கைப்பிடி. வாகனம் போகாத நீண்ட நடைபாலம் ஒன்றுதான் வழி. 2013 முதல் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். இந்த ஊருக்கு வார நாளில்தான் போக வேண்டும், ஏன் என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

பஸ் அட்டவணையில் இரண்டு சொற்கள்

‘ஃபெரியாலே’ என்று எழுதியிருந்தால் அந்த பஸ் திங்கள் முதல் சனி வரை ஓடும். ‘ஃபெஸ்தீவோ’ என்றால் ஞாயிறும் அரசு விடுமுறை நாட்களும். முதல் சொல், விடுமுறை என்று பொருள்படும் இத்தாலியச் சொல் போலக் காதில் விழும். பொருள் நேர் எதிர். இந்தக் குழப்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வராத பஸ்ஸுக்காக நாங்கள் நான்கு பேர் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறோம். கிராமப்புற வழித்தடங்களில் ஞாயிறன்று பஸ் ஒன்றிரண்டு ஓடும், சிலவற்றில் ஒன்றுமே ஓடாது. ஆகவே ஊர் மாறுவதை ஞாயிறில் வைக்காதீர்கள். ‘ஸ்கொலாஸ்திகோ’ என்றிருந்தால் பள்ளி நடக்கும் நாட்களில் மட்டும். ஜூன் நடுவிலிருந்து அந்த பஸ்கள் நின்றுவிடும்.

டிக்கெட்டை ‘T’ என்ற ஆங்கில எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடைகளில் முன்கூட்டியே வாங்குங்கள். திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள், போகும் இடத்தில் கடை மூடியிருக்கலாம். வேலைநிறுத்தம் இத்தாலியில் அடிக்கடி உண்டு. அதற்கு ‘ஷோப்பெரோ’ என்று பெயர். தேதியை முன்னரே அறிவித்துவிடுவார்கள். ஊர் மாறும் நாளுக்கு முந்தின நாள் விடுதிக்காரரிடம் ‘ஷோப்பெரோ?’ என்று ஒரு சொல் கேட்டால் போதும்.

மோந்தேபுல்ச்சானோ

ஒர்வியெத்தோவிலிருந்து ரயிலில் கியூசி போய், அங்கிருந்து பஸ். ரயில் வரைபடத்தில் மோந்தேபுல்ச்சானோ என்றே ஒரு நிலையம் இருக்கும். அதில் இறங்கிவிடாதீர்கள், ஊர் அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர்.

இந்த ஊர் ஒரே நீண்ட ஏற்றம். கீழ் வாசலில் தொடங்கும் தெரு வளைந்து வளைந்து உச்சியில் இருக்கும் பெரிய சதுக்கத்தில் முடியும். ஏற முடியாதவர்களுக்குச் சிறு பஸ் உண்டு. ஆனால் ஒரு முறையாவது நடந்து ஏறுங்கள். வீடுகளுக்கு அடியில் பாறையைக் குடைந்த திராட்சை மதுக் கிடங்குகள் வழியிலேயே வரும், குடிக்காதவர்களும் சும்மா இறங்கிப் பார்க்கலாம். உச்சியில் இருக்கும் தேவாலயத்தின் முகப்பு பூசாத செங்கல்லாகவே நிற்கிறது, கடைசிவரை முடிக்கவில்லை. மதிலுக்கு வெளியே, கீழே, 1518-ல் கட்டத் தொடங்கிய சான் பியாஜோ கோயில் வயல் நடுவே தனியாக நிற்கிறது. காலை ஏழு மணிக்கு இறங்கிப் போய்ப் பாருங்கள், அங்கே வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் பியென்சா. கொர்சிஞானோ என்ற கிராமத்தில் 1405-ல் பிறந்தவர் பின்னாளில் போப் இரண்டாம் பயஸ் ஆனார். பிறந்த கிராமத்தை 1459-லிருந்து மூன்று நான்கு வருடங்களுக்குள் புதிய நகரமாக மாற்றிக் கட்டி, தன் பெயரையே வைத்தார். ஊர் மிகச் சிறியது, கால் மணியில் கடந்துவிடலாம். தெற்கு மதில் ஓரம் நடந்தால் ஒர்ச்சா பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரியும். அரை நாள் போதும்.

வேளையும் சாப்பாடும்

காலை ஆறரைக்கு எழுந்து நடங்கள். பத்தரைக்குள் பார்க்க வேண்டியதைப் பாருங்கள். ஒரு மணியிலிருந்து மூன்றரை வரை சிறு கடைகளும் தேவாலயங்களும் மூடிவிடும், அப்போது நீங்களும் சாப்பிட்டுப் படுத்துவிடுங்கள். ஐந்து மணிக்குப் புதிதாக இரண்டாவது நாள் தொடங்கும். கோடையில் எட்டரை மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும்.

மதியச் சாப்பாடு பன்னிரண்டரை முதல் இரண்டரை, இரவு ஏழரைக்கு மேல். நடுவில் போனால் சமையலறை மூடியிருக்கும். ரசீதில் ‘கொபேர்த்தோ’ என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ சேர்ந்திருக்கும், அது இருக்கைக்கும் ரொட்டிக்கும் வழக்கமாக வாங்குவது. காப்பியை நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம், இந்தப் பகுதியின் பழைய சாப்பாடே ஏழை விவசாயிகளின் சாப்பாடுதான். ‘பீச்சி’ என்பது கையால் உருட்டிய, தடித்த நூல் போன்ற பாஸ்தா. சியேனா பக்கத்துச் சிறப்பு. அதைப் பூண்டும் தக்காளியும் சேர்த்த ‘அல்யோனே’ சாற்றோடு கேளுங்கள். பழைய ரொட்டியும் தக்காளியும் சேர்த்த ‘பாப்பா அல் பொமொதோரோ’, கோடைக்குக் குளிர்ச்சியான ரொட்டி சாலட் ‘பன்சனெல்லா’ இரண்டும் நம் பழையதின் தூரத்து உறவு மாதிரி. உம்பிரியாவில் கல்லில் சுட்ட ‘தோர்த்தா அல் தெஸ்தோ’ நம் அடைக்கு அருகில் வரும். ‘சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே’ என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். ‘சூப்பில் இறைச்சிச் சாறு உண்டா’ என்று தனியாகக் கேளுங்கள். ‘ப்ரோதோ’ என்பதுதான் அந்தச் சாறு. செம்மறியாட்டுப்பால் பாலாடைக்கட்டியான பெக்கொரீனோ பெரும்பாலும் விலங்கு நொதி சேர்த்துத் தயாராவது, முழுச் சைவர்கள் கவனிக்கவும். இங்கத்து ரொட்டியில் உப்பு இருக்காது. கெட்டுப்போகவில்லை, காலங்காலமாக அப்படித்தான். நீங்கள் கொண்டுவந்த இட்லிப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்து அதோடு சாப்பிட்டுப் பாருங்கள், மிக நன்றாக இருக்கும்.

தெரு நீரூற்றுகளில் வரும் தண்ணீரைக் குடிக்கலாம். ‘நோன் பொதாபிலே’ என்று பலகை இருந்தால் மட்டும் கூடாது.

சியேனா: நான்கு இரவு ஏன்

கியூசியிலிருந்து சியேனாவுக்கு நேர் ரயில். நிலையம் பள்ளத்தில், ஊர் மேலே. எதிரே உள்ள வணிக வளாகத்துக்குள் போனால் எஸ்கலேட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உங்களை மேலே கொண்டு விடும்.

முதல் நாள் எதையும் திட்டமிடாமல் காம்போ சதுக்கத்துக்குப் போய் உட்காருங்கள். சிப்பி போலக் குழிந்து, செங்கல் பாவிய ஒன்பது பிரிவுகளாக விரிந்த இடம். 1287 முதல் 1355 வரை இந்தக் குடியரசை ஆண்ட ஒன்பதின்மர் ஆட்சியின் நினைவு அது. செங்கல்லின் நிறத்தைக் கவனியுங்கள். ஓவியம் வரைகிறவர்களின் பெட்டியில் இருக்கும் ‘சியென்னா’ பழுப்பு இந்த மண்ணின் பெயர்தான்.

இந்தப் பயணம் முழுவதிலும் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், சதுக்கத்தில் இருக்கும் நகர மாளிகையின் ‘ஒன்பதின்மர் கூட’த்துக்குப் போங்கள். 1338-39-ல் அம்ப்ரோஜோ லொரென்செத்தி அதன் சுவர்களில் நல்லாட்சியையும் கெட்ட ஆட்சியையும் வரைந்தார். ஆள்கிறவர்கள் தினமும் கூடிப் பேசும் அறையிலேயே வரைந்தார். நல்லாட்சியில் என்ன நடக்கும்? நகரத்தில் கொத்தனார்கள் வீடு கட்டுகிறார்கள், கடைகள் திறந்திருக்கின்றன, தெருவில் நடனம். மதில் வாசலைத் தாண்டி ஓவியம் அப்படியே கிராமத்துக்குள் போகிறது: அறுவடை, கதிரடிப்பு, சந்தைக்குப் பன்றி ஓட்டி வரும் உழவர், கொடித் தோட்டங்கள் நிறைந்த குன்றுகள். ஊரும் வயலும் ஒரே சுவரில். எதிர்ச் சுவரில் கெட்ட ஆட்சி. வயல் தரிசு, வீடு இடிபாடு. பார்த்துவிட்டு, அதே மாளிகையின் பின்பக்கம் இருக்கும் திறந்த மாடத்துக்கு வாருங்கள். கீழே சியேனாவின் கிராமப்புறம். சுவரில் பார்த்த அதே குன்றுகள், ஏறக்குறைய அதே வடிவில்.

ஓவியம் முடிந்து பத்து வருடம்கூட ஆகவில்லை; 1348-ல் கொள்ளைநோய் வந்தது. அப்போது தேவாலயத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்கள். இருந்த கோயிலே புதியதன் ஒரு குறுக்குப் பகுதியாகும் அளவுக்குப் பெரிய திட்டம். வேலை நின்றது, மீண்டும் தொடரவே இல்லை. பாதியில் நிற்கும் அந்தச் சுவரின் மேல் இன்று ஏறலாம். நகரத்தின் மிக நல்ல காட்சி அங்கிருந்துதான் கிடைக்கும். 1555-ல் சியேனா ஃபிளாரன்ஸிடம் வீழ்ந்தது. அதன் பின் பணமும் அதிகாரமும் போனதால் இடித்துக் கட்ட யாருக்கும் வசதி இல்லை. இந்த மலையூர்கள் பலவும் அப்படியே நமக்குக் கிடைத்திருப்பதற்கு அந்த வறுமை ஒரு பெரிய காரணம்.

பிள்ளைகளோடு போகிறவர்கள், தெரு முனைகளில் பதித்த சிறு பலகைகளைத் தேடச் சொல்லுங்கள்: நத்தை, வாத்து, ஆமை, கம்பளிப்புழு. நகரம் 17 பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம், ஒரு கொடி, ஒரு கோயில். ஜூலை 2, ஆகஸ்ட் 16 இரண்டு நாட்களிலும் இந்தப் பேட்டைகளுக்குள் சேணமில்லாக் குதிரைப் பந்தயம் நடக்கும். பத்துப் பேட்டைகள்தான் ஓடும், காம்போவை மூன்று சுற்று. அன்று பிற்பகல் குதிரையைக் கோயிலுக்குள் அழைத்துப்போய் ஆசீர்வதிப்பார்கள். பார்க்க ஆசை இருந்தால் பல மாதங்களுக்கு முன்பே அறை பிடிக்க வேண்டும், வெயிலில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். சிறு பிள்ளைகளோடு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு முந்தின நாட்களில் நடக்கும் ஒத்திகை ஓட்டங்களில் கூட்டம் அவ்வளவு இருக்காது.

ஒரு நாள் சான் ஜிமிஞானோ. ஒரு காலத்தில் 72 கோபுர வீடுகள் இருந்ததாகச் சொல்வார்கள், இன்று 14 நிற்கின்றன. ரயில் கிடையாது, பஸ்ஸில் நேராகவோ போஜிபோன்ஸியில் மாறியோ போகலாம். பகலில் மிகக் கூட்டமான ஊர் இதுதான். முதல் பஸ்ஸில் போய்ப் பதினொன்றுக்குள் பார்த்து முடியுங்கள். 54 மீட்டர் உயரப் பெரிய கோபுரத்தில் முதலில் ஏறுங்கள், அப்புறம் கிணற்றுச் சதுக்கத்துக்கு வாருங்கள். அந்தக் கிணற்று விளிம்பில் கயிறு உரசி விழுந்த தடங்களை விரலால் தொட்டுப் பார்க்கலாம்.

கார் எடுக்கலாமா

முதல் பயணத்தில் வேண்டாம். ஒர்ச்சா பள்ளத்தாக்கில் ஒரே ஒரு நாள் சுற்ற மட்டும் எடுக்கலாம். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கி வாருங்கள். வெள்ளைப் பலகையில் சிவப்பு வளையமும் ‘ஜோனா த்ராஃபிகோ லிமிதாதோ’ என்ற எழுத்தும் கண்டால் உள்ளே போகாதீர்கள். கேமரா படம் எடுத்து, சில மாதங்கள் கழித்து வீடு தேடி அபராதம் வரும். நீலக் கோடு போட்ட இடம் கட்டண நிறுத்தம், வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் உள்ளூர்க்காரர்களுக்கு.

திரும்பும் நாள்

சியேனாவிலிருந்து ரோம் திபுர்த்தினாவுக்கு நேர் பஸ் இருக்கிறது, மூன்று மணி நேரம். அங்கே இறங்கினால் முதல் நாள் வந்த அதே விமான நிலைய ரயில். விமானம் மாலை நான்கு மணிக்கு மேல் இருக்கும்படி பார்த்து வாங்குங்கள். அப்போதுதான் கடைசி இரவையும் சியேனாவிலேயே கழித்துவிட்டு, காலை ஆறு மணிக்கு, தெரு கழுவும் ஈரம் காய்வதற்குள், யாருமில்லாத காம்போவை ஒரு தடவை குறுக்கே நடந்துவிட்டு பஸ்ஸுக்குப் போக முடியும்.